கயிறு பிடிக்கவா சாரணர்?

சாரணர் என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் தோன்றும் காட்சி ஒன்றுதான். தேர்த் திருவிழாவில் கூட்டத்தை விலக்கக் கயிறு பிடித்து நிற்கும் சிறுவர். அமைச்சர் வரும் வழியில் வெயிலில் வரிசையாக நிற்கும் சிறுவர். பள்ளி ஆண்டு விழாவில் விருந்தினருக்குச் சோடா எடுத்துக்கொண்டு ஓடும் சிறுவர். கழுத்திலே துண்டு, தோளிலே பட்டை, இடையிலே வார். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் இதற்காகவா ஓர் உலகப் பேரியக்கம் தோன்றியது? கயிறு கட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டு கம்பங்களை நட்டால் போதுமே!

நானும் பள்ளியில் ஐந்தாண்டுகள் சாரணனாக இருந்தவன். அவற்றுள் ஈராண்டுகள் அணித்தலைவன். அந்த இயக்கத்தின்மீது எனக்கு இன்றும் அன்பு உண்டு. அந்த அன்பின் உரிமையாலேயே இதை எழுதுகிறேன். சாரணர் இயக்கத்தின் வழக்கங்களை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அவ்வழக்கங்கள் எதற்காக ஏற்பட்டனவோ அந்தத் தலைமைப் பயிற்சியைக் கைநழுவ விட்டுவிட்டோம். இதுவே என் கட்சி.

முதலில் வழக்கங்களைப் பார்ப்போம். சாரணன் மூன்று விரல்களை உயர்த்தி வணக்கம் செய்கிறான். அவன் எடுத்த உறுதிமொழியின் மூன்று பகுதிகளை அம்மூன்று விரல்களும் நினைவூட்டுகின்றன: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறர்க்கு உதவி, சாரணர் சட்டத்திற்கு அடங்குதல். கட்டைவிரல் சிறுவிரலை மூடி நிற்கின்றது; வலியவன் எளியவனைக் காக்கவேண்டும் என்பது அதன் பொருள். நாள்தோறும் ஒரு நற்செயல் செய்யவேண்டும் என்பது இன்னொரு வழக்கம். மறந்துவிடாமல் இருக்கக் கழுத்துத் துண்டில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள். நற்செயலைச் செய்து முடித்த பிறகு அவிழ்த்துவிடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். எவ்வளவு எளிய ஏற்பாடு! செய்தித்தாளில் படம் வரவேண்டியதில்லை, சான்றிதழும் வேண்டியதில்லை. முடிச்சை அவிழ்த்தவனுக்கும் அவன் மனச்சான்றுக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு அது.

இடக்கையால் கைகுலுக்கும் வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. ஆப்பிரிக்காவின் அசாந்தி வீரர்கள் கேடயத்தை இடக்கையில் பிடிப்பார்கள். நம்பிக்கைக்கு உரியவனைக் கண்டால் அந்தக் கேடயத்தைத் தாழ வைத்துவிட்டு இடக்கையை நீட்டுவார்கள் என்று சொல்வதுண்டு. கதை நல்ல கதைதான். ஆனால் அந்த அசாந்தி நாட்டின்மேல் 1896-இல் படையெடுத்துச் சென்று அரசர் பிரெம்பேயைச் சிறைப்பிடித்தது ஆங்கிலப் படை என்பதையும், அப்படையில் பேடன் பவல் இருந்தார் என்பதையும் நம் சிறுவர்க்குச் சேர்த்தே சொல்லவேண்டும். வழக்கத்தைப் போற்றுவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு போற்றுவது வேறு.

இனித் தலைமைக்கு வருவோம். 1899-1900-இல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 217 நாள் முற்றுகையில் கிடந்தது. அந்நாளில் அந்நகரத்துச் சிறுவர்கள் கடிதம் சுமந்தார்கள், செய்தி கொண்டுபோனார்கள். அவர்களுக்குத் தலைவனாக இருந்தவனும் அவர்களுள் ஒரு சிறுவனே. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர் தாங்குவர் என்பதைப் பேடன் பவல் அங்கே கண்டார். 1907 ஆகஸ்டில் பிரௌன்சி தீவில் இருபது சிறுவர் அளவில் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். செல்வர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்து சிலர், தொழிலாளர் வீடுகளிலிருந்து சிலர். இவர்களைக் கலந்து நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு விலங்கின் அல்லது பறவையின் பெயரிட்டு, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தது. இயக்கம் உலகெங்கும் பரவியது.

இங்கே கவனிக்கவேண்டியது அந்த ‘அணி’ என்னும் ஏற்பாடுதான். ஆறு முதல் எட்டுப் பேர். அவர்களுக்கு ஒரு தலைவன், ஓர் உதவித் தலைவன். ஒருவன் சமையல் பார்ப்பான். ஒருவன் கணக்கு எழுதுவான். ஒருவன் மருந்துப்பெட்டி வைத்திருப்பான். அணித்தலைவர்கள் கூடி ஓர் அவையாக அமர்வார்கள். எங்கே முகாம் போடுவது, பணத்தை எப்படிச் செலவழிப்பது, தவறு செய்தவனை என்ன செய்வது என்பவற்றையெல்லாம் அந்த அவைதான் பேசி முடிவு செய்யும். சாரண ஆசிரியர் பக்கத்தில் இருந்து யோசனை சொல்வார், ஆட்டி வைக்கமாட்டார். 1914-இல் ரோலண்ட் பிலிப்ஸ் என்பவர் இந்த அணிமுறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். சீருடையை எடுத்துவிட்டாலும் சாரணியம் வாழும். அணிமுறையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சீருடை மட்டுமே.

“இது வெள்ளைக்காரன் விட்டுப்போன விளையாட்டு, நமக்கெதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியிலும் உண்டு. அவர்கள் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1909-இல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவனுக்குக் கதவு அடைத்திருந்தது. நம் பெரியோர் என்ன செய்தார்கள்? கதவைத் தட்டிக்கொண்டே நிற்கவில்லை. தங்களுக்கென்று ஒரு வீடு கட்டினார்கள். 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்க்குத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. வடக்கே மதன்மோகன் மாளவியர், இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள். ஆம், நாம் படிக்கும் இந்தக் காசிப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அதே மாளவியர்தான்!

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் உட்படப் பல சங்கங்கள் ஒன்றாயின. சேவா சமிதி இணையவில்லை. ஆங்கில மன்னனுக்கு விசுவாசம் சொல்லும் உறுதிமொழியை அவர்களால் ஏற்க முடியவில்லை. 1937-இல் பேடன் பவல் இந்தியரைத் தாழ்வாகப் பேசினார் என்ற செய்தி வந்தபோது மனம் புண்பட்டு மேலும் பலர் விலகினர். 1938-இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. நாடு விடுதலை பெற்ற பின் 1950 நவம்பர் 7-ஆம் நாள் இரு பிரிவுகளும் கூடிப் பாரத சாரணர் இயக்கமாயின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் சாரணியரும் அதில் சேர்ந்தனர்.

இந்த வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? நம் முன்னோர் உறுதிமொழியை மாற்றினார்கள், தலைப்பாகை கட்டினார்கள், பாட்டை மாற்றினார்கள். அணிமுறையை மாற்றவில்லை! கொள்ளவேண்டியது எது, தள்ளவேண்டியது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமோ அதைத் தலைகீழாக்கிவிட்டோம். கழுத்துத் துண்டின் மடிப்பு ஓர் அங்குலம் பிசகினால் ஆசிரியர் கடிந்துகொள்கிறார். அணித்தலைவர் அவை ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடக் கூடவில்லை என்றால் கேட்பார் இல்லை.

என் பள்ளி நாட்களையே சொல்கிறேன். அணித்தலைவன் என்று என் சட்டைப்பையில் பட்டை குத்தியிருந்தார்கள். ஈராண்டில் நான் எடுத்த முடிவு என்று ஒன்றும் இல்லை. வருகைப் பதிவு எடுத்ததே என் ஆட்சி. ஒரே ஒரு முகாமில் ஆசிரியருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. பள்ளிக் காவலரைத் துணைக்கு வைத்துவிட்டு அவர் கூடாரத்தில் படுத்துக்கொண்டார். அன்று எட்டுப் பேருக்கு அரிசி எவ்வளவு, விறகு பொறுக்குவது யார், பாத்திரம் கழுவுவது யார் என்று நாங்களே பேசி முடிவு செய்தோம். சோறு குழைந்துபோயிற்று, குழம்பில் உப்பில்லை. ஆயினும் அன்று ஒருநாள் கற்றதை மற்ற எல்லா அணிவகுப்புக்களும் சேர்ந்து எனக்குக் கற்றுத் தரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய சாரணர் சட்டத்தில், தலைவனும் ஆசிரியரும் இட்ட கட்டளைக்குக் கேள்வி கேளாமல் கீழ்ப்படிய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நம் நாட்டுச் சட்டத்தில் இன்று ஒன்பது விதிகள் உள்ளன. அவற்றில் ‘கேள்வி கேளாமல்’ என்ற சொல் இல்லை. சாரணன் ஒழுங்குடையவன், பொதுச்சொத்தைக் காப்பவன் என்று இருக்கின்றது. நல்ல மாற்றம். ஆனால் தாளில் மாறியது களத்தில் மாறிற்றா?

கேள்வி கேளாத கீழ்ப்படிதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020-இல் திவால் மனு கொடுத்தது. சிறுவயதில் தங்களுக்குப் பெரியவர்களால் பாலியல் கொடுமை நேர்ந்தது என்று 82,000-க்கு மேற்பட்டவர்கள் முறையிட்டிருந்தார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலே 2024-இல் தேசிய மாணவர் படையின் பெயரைச் சொல்லி நடந்த போலி முகாமில் பள்ளிச் சிறுமியர்க்கு நேர்ந்த கொடுமை நம் எல்லோர் நெஞ்சையும் சுட்டது. சீருடை போட்ட பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகளைப் பழக்கினால் அந்தப் பழக்கத்தைத் தீயவன் பயன்படுத்திக்கொள்வான். ‘ஏன்?’ என்று கேட்கவும், ‘மாட்டேன்’ என்று சொல்லவும், தன் அணியில் உள்ள சிறியவனுக்காக எழுந்து நிற்கவும் கற்ற பிள்ளையே காப்புடைய பிள்ளை. ஆகவே தலைமைப் பயிற்சி என்பது மேடைப்பேச்சு அலங்காரம் அன்று. அது பிள்ளைகளின் பாதுகாப்பு.

இன்றைய நிலையில் பெரியவர்களின் கவனம் எங்கே இருக்கின்றது? படிப்படியாகச் சோபான்களைக் கடந்து ராஜ்ய புரஸ்கார், பிறகு குடியரசுத்தலைவர் விருது என்று ஓர் ஏணி உண்டு. ஏணி நல்லதுதான். ரயில்வேயில் சாரணர்க்கென்று வேலை ஒதுக்கீடும் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு அது பெரிய வாய்ப்பு. அதை நான் குறை சொல்லேன். ஆனால் ஏணியில் ஏறுவதே சாரணியம் என்று ஆகிவிட்டபோது, பிள்ளை செய்யவேண்டிய குறிப்பேட்டை அப்பா எழுதுகிறார். செய்யாத சேவைக்கு ஆசிரியர் கையெழுத்திடுகிறார். உண்மையே பேசுவேன் என்று உறுதி எடுத்த கையில் பொய்க் கணக்கு! மேல்மட்டத்திலோ, 2017-இல் தமிழ்நாட்டுச் சாரணர் இயக்கத் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தல் அரசியல் சண்டையாகவே செய்தித்தாள்களில் வந்தது. அத்தனை பேச்சிலும் பிள்ளைகளைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஆசிரியர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். “பையன்களிடம் விட்டுவிட்டால் ஒருவன் ஆற்றில் இறங்குவான், ஒருவன் அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்வான். பெற்றோர் என் சட்டையைத்தானே பிடிப்பார்கள்?” இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கைவிடுவதும் ஒப்படைப்பதும் ஒன்றல்ல. ஆழமான தண்ணீரில் ஆசிரியர் காவல் இருக்கட்டும். அரிசி அளப்பதில் எதற்குக் காவல்? சிறிய பொறுப்பில் தொடங்கிப் பெரிய பொறுப்புக்குப் போகலாமே. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிற நாம், ஐந்தில் கையில் எடுக்காத பொறுப்பை ஐம்பதில் எப்படி எடுக்கச் சொல்கிறோம்?

நான் கேட்பவை மூன்றே. முதலாவது, அணித்தலைவனை அணியைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். முதல் மதிப்பெண் வாங்கியவனையும் ஊர்ப் பெரியவர் மகனையும் தானாக நியமிக்காதீர்கள். இரண்டாவது, அணித்தலைவர் அவை திங்கள்தோறும் கூடட்டும். முகாம் செலவில் ஒரு பங்கையேனும் அது தீர்மானிக்கட்டும். மூன்றாவது, அமைச்சர் வரவேற்புக்கும் திருமண ஊர்வலத்துக்கும் சாரணரை அழைத்தால், போவதா வேண்டாவா என்பதை அந்த அவையே சொல்லட்டும். தேர்த் திருவிழாவில் தவறிப்போன குழந்தையைத் தாயிடம் சேர்ப்பது சேவை. சேவா சமிதித் தொண்டர் பிரயாகை மேளாக்களில் செய்தது அத்தகைய தொண்டு. பெரிய மனிதர் வரும்வரை மூன்று மணி நேரம் வெயிலில் நிற்பது சேவை அன்று. அது வெட்டி வேலை.

இதையெல்லாம் படித்துவிட்டு, “நமக்கென்ன? நாம் பள்ளிப் பிள்ளைகளா?” என்று யாரும் பக்கத்தைப் புரட்டவேண்டாம். நம்மில் பலர் நாளை ஆசிரியர் ஆவோம். சிலர் அதிகாரிகள் ஆவோம். எல்லோரும் ஒருநாள் பெற்றோர் ஆவோம். அது மட்டுமா? நம் சங்கத்தையே பாருங்கள். பொங்கல் விழா வந்தால் மூத்தவர் நால்வர் ஓர் அறையில் கூடி எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். முதலாண்டு மாணவர் நாற்காலி தூக்குகிறார்கள், தோரணம் கட்டுகிறார்கள். மூன்றாண்டு கழித்து அவர்கள் மூத்தவர் ஆகும்போது அவர்களுக்குத் தெரிந்தது நாற்காலி தூக்குவது ஒன்றே. அப்போது, “இப்பொழுது வரும் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை” என்று நாம் அலுத்துக்கொள்வோம்.

வரும் பொங்கலுக்கு ஒரு சோதனை செய்து பார்ப்போமா? விழாவை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எட்டுப் பேரிடம் ஒப்படைப்போம். பணமும் அவர்கள் கையில்; முடிவும் அவர்கள் கையில். முதலாண்டு மாணவர் ஒருவரேனும் ஓர் அணிக்குத் தலைவராக இருக்கட்டும். பொங்கல் குழைந்தால் குழையட்டும். உப்புக் குறைந்தால் குறையட்டும். அடுத்த ஆண்டு சரியாக வரும்.