பாதரசமும் பிரமையும்

கை நடுங்குகிறது, பெயர் மறக்கிறது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது என்று ஒருவர் சொன்னால், "எல்லாம் உன் மனப்பிரமை" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பாதரசம் நரம்பில் ஏறினால் வரும் குறிகளும் இவைதாம். இங்கிலாந்தில் தொப்பி செய்தவர்கள் அந்த நஞ்சால்தான் பைத்தியக்காரப் பெயர் வாங்கினார்கள் என்பார்கள். நஞ்சு முதலில் கெடுப்பது சாட்சியின் நம்பகத்தன்மையை. நஞ்சைக் கையாளும் ஆலைக்கு இதைவிட வசதியான நஞ்சு உண்டா?

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் மலையேறி வந்தது. அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் சிக்கியபின், 2001இல் மூடப்பட்டது. உடம்பு கெட்டது என்றார்கள் தொழிலாளர்கள். பாதரசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது ஆலையின் உரிமையாளரான ஹிந்துஸ்தான் யூனிலீவர், ஆய்வறிக்கைகளைக் காட்டி. பிரமை என்று யாரும் எழுதித் தரவில்லைதான். கேட்டவர் காதில் வேறெப்படி விழும்? 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் விஷயத்தில் உடன்பாடு வந்தது. பணம் கொடுத்தது மனிதாபிமானத்தால் என்றது நிறுவனம், பொறுப்பேற்று அல்ல. இனி இப்படியொரு வழக்கு வந்தால், பரிசோதிக்கும் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.