சுண்ணக்கல் ஈந்த மண்ணில் பள்ளிக்குச் சுவரில்லையா?

அரியலூர் மண்ணைத் தோண்டினால் சுண்ணக்கல். அதைச் சுட்டுப் பொடித்தால் சிமெண்டு எனப்படும் பைஞ்சுதை. ஊரூராய்ப் பாலமும் மாடமும் எழும்புதற்கு இம்மண் தன் வயிற்றை அறுத்துக் கொடுத்துக் கொண்டிருக்கின்றது. இரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் எனத் திரும்பிய பக்கமெல்லாம் முதலாளிகளின் ஆலைகள். 1979 முதல் தமிழ்நாட்டரசின் ஆலையும் அவற்றோடு ஒன்று. அரசு தான் விற்கும் பைஞ்சுதைக்கு 2021இல் 'வலிமை' என்று பெயர் சூட்டிற்று. நல்ல தமிழ்ப் பெயர்தான்! ஆனால், அம்மூட்டைகளை ஏற்றிய சரக்குந்து புழுதி கிளப்பிக் கடந்துபோகும் சாலையோரத்தில், தரம் உயர்த்தப்பட்ட பள்ளியின் பிள்ளைகள் கட்டடத்துக்காக ஆண்டுக் கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும் என்பது எவ்வகை அறம்?

காத்திருப்பு எங்கே தொடங்குகின்றது? நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க அரசுக்கு ஓர் ஆணைத்தாள் போதும். அத்தாளுக்காக ஊர்மக்கள் உயர்நிலைக்கு ஓரிலக்கம் உருவா, மேல்நிலைக்கு ஈரிலக்கம் உருவா எனத் தம் கைப்பொருளைத் திரட்டிக் கட்டிய காலமும் உண்டு. நிலமும் அவர்களே தேடித் தந்தனர். ஆணை வந்தபின் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் எங்கே அமர்வது? பழைய அறைகள் ஊராட்சி ஒன்றியத்தின் உடைமை; புதிய பள்ளியோ கல்வித்துறையின் பொறுப்பு. ஒன்றன் சுவரை மற்றொன்று தொடாது. புதுக்கட்டடத்துக்குப் பொதுப்பணித்துறை மதிப்பீடு போட வேண்டும், நபார்டு வைப்பகத்தின் கடன் வரிசையில் பள்ளியின் பெயர் ஏற வேண்டும், பின் ஒப்பந்தம், விலையேறிற்று என்று ஒப்பந்தக்காரர் விலகினால் மீண்டும் முதலிலிருந்து மதிப்பீடு. இதற்குள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறி விடுகின்றது. அப்பிள்ளைக்குக் கட்டடம் என்பது கடைசிவரை ஓர் அறிவிப்பு மட்டுமே!

அலுவலகங்களுக்கு இங்கே குறைவா? 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007இல் மறுபடியும் பிரிந்தது. வரைபடத்தில் கோடு போடவும் அழிக்கவும் மீண்டும் போடவும் ஆறேழு ஆண்டுகள் போதுமாயின. பள்ளிக்குக் கடைக்கால் தோண்ட மட்டும் காலம் போதவில்லை!

கொள்ளிடத்துக்கு அப்பால் குடந்தையில் 2004 சூலை 16 அன்று பள்ளியொன்றில் தீப்பற்றி 94 பிஞ்சுகள் கரிந்தன. 2021 திசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிச்சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். அதன்பின் தமிழ்நாடெங்கும் பழுதுற்ற கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடித்தது சரியே. இடிப்பதில் இருந்த விரைவு எழுப்புவதில் ஏன் இல்லை?

பணம் இல்லை என்பது வெறும் சாக்கு. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, பழைய சுரங்கக் குத்தகையாளர் அரசுக்குச் செலுத்தும் உரிமைத்தொகையோடு அதில் நூற்றுக்கு 30 பங்கும், புதியவர் 10 பங்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தனியே கட்ட வேண்டும். அப்பணம் சுரங்கத்தால் தாக்குண்ட ஊர்களுக்கே உரியது. குடிநீர், மருத்துவம், கல்வி போன்ற முதன்மைப் பணிகளுக்கு அதில் நூற்றுக்கு 60 பங்கேனும் செலவிட வேண்டும் என்றது 2015ஆம் ஆண்டு நெறிமுறை. 2024இல் அது 70 ஆக உயர்ந்தது. வெடிவைத்துத் தகர்த்த கல்லின் பணம் அது. வெடியதிர்ச்சியால் சுவர் விண்ட பள்ளிக்கு அது போய்ச் சேராவிட்டால் பின் எதற்கு?

தில்லியின் கொடுமை தனி. மும்மொழிக் கல்விக் கொள்கைக்குத் தமிழ்நாடு தலையாட்டவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி உருவாவை நடுவணரசு நிறுத்தி வைத்தது. கொள்கையை ஏற்றாலன்றிப் பணமில்லை என்று 2025 பிப்பிரவரியில் காசியில் நின்று கல்வியமைச்சர் தருமேந்திர பிரதான் வெளிப்படையாகவே சொன்னார். தமிழர் கட்டிய வரியைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தர இந்தியை ஈடாகக் கேட்பது அடகுக்கடைக்காரன் செயல்! ஆயினும், இதைக் காட்டிச் சென்னைக் கோட்டை தப்பிவிட முடியாது. மாவட்டக் கனிமப் பணத்தைத் தில்லி பிடித்து வைக்கவில்லை. ஆட்சிக் கட்டிலில் எக்கட்சி இருந்தாலும் கோப்புகளின் நடை ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றது.

இதனால் சாவது எது? தமிழ்வழிக் கல்வி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் பெரம்பலூர் உழவர், ஒழுகும் கூரையையும் ஊர்க்கோடிவரை வந்து நிற்கும் ஆங்கிலவழிப் பள்ளியின் மஞ்சள் வண்டியையும் மாறிமாறிப் பார்க்கின்றார். கடன் வாங்கியேனும் பிள்ளையை வண்டியில் ஏற்றி விடுகின்றார். அவரை நோவதில் பயனில்லை. பிறகு சேர்க்கை குறைந்தது என்று கல்வித்துறை கணக்குக் காட்டும். அதைத் தடுக்கவென்று 2012 முதல் அரசுப் பள்ளிக்குள்ளேயே ஆங்கிலவழியைப் புகுத்தினர்; ஓட்டையை அடைக்கச் சொன்னால் வீட்டையே விற்ற கதை! தமிழ்வழி பயின்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடம் என்று 2010இல் சட்டம் இயற்றினர். பயில இடம் தராமல் பணியில் இடம் யாருக்கு?

கனிம அறக்கட்டளை தன் வரவையும் செலவையும் ஊரறிய வெளியிட வேண்டும் என்பதும் நெறிமுறையே. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் ஊரவை கூடுகின்றது. இரு மாவட்டத் தமிழரும் அவ்வவையில் எழுந்து, எவ்வளவு கல் போயிற்று, எவ்வளவு பணம் வந்தது, எந்தப் பள்ளிக்கு எத்தனை அறை என்று கேட்டுத் தீர்மான ஏட்டில் எழுதுவித்துக் கையொப்பமிட வேண்டும்.