டர்போ டிராக்டர்: கூடுதல் விலைக்குக் கூடுதல் லாபம் உண்டா?

டிராக்டர் வாங்க நினைப்பவர்களுக்கு 2025-ம் ஆண்டு ஒரு நல்ல செய்தி கிடைத்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், விவசாய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி சேராமல் 7 லட்சம் ரூபாய் விலையுள்ள டிராக்டருக்கு முன்பு 84 ஆயிரம் ரூபாய் வரி. இப்போது 35 ஆயிரம் ரூபாய். மிச்சம் 49 ஆயிரம்!

ஏரல் வட்டாரத்தில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பத்துக்கு இது சின்னப் பணம் அல்ல. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு இதில் அடங்கும்.

ஆனால் இந்த மிச்சம் வீடு வந்து சேர வேண்டுமே! "வரிதான் குறைந்துவிட்டதே. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு டர்போ வைத்த ரகமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விற்பவர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

டர்போ என்பது நல்ல பொருள்தான். அதில் சந்தேகம் இல்லை. அது யாருக்கு நல்லது என்பதுதான் கேள்வி.

கொல்லன் துருத்தி

கொல்லன் உலையைப் பார்த்தவர்களுக்கு டர்போவைப் புரிந்துகொள்வது எளிது.

உலையில் கரி இருக்கிறது. நெருப்பும் இருக்கிறது. ஆனாலும் துருத்தி ஊதினால்தான் இரும்பு பழுக்கும். காற்று அதிகம் போனால் கரி நன்றாக எரியும். சூடு ஏறும்.

என்ஜினும் ஓர் உலைதான். அதில் எரிவது டீசல். சாதாரண என்ஜின், தானாக இழுக்கிற அளவு காற்றைத்தான் உள்ளே வாங்கும். டர்போ வைத்த என்ஜினுக்கோ ஒரு துருத்தி இருக்கிறது. அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று அதிகம் போவதால் அதிக டீசலை முழுதாக எரிக்க முடிகிறது. அதே அளவு என்ஜின் கூடுதல் பலம் காட்டுகிறது.

துருத்தியை இழுப்பது யார்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. புகைக்குழாய் வழியாக வீணாக வெளியேறும் சூடான புகையே அதை இழுக்கிறது. டீசல் எரிந்து உண்டாகும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. போகிற புகையை மடக்கி ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றைத் தள்ளுகிறது.

இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும்! அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

இந்த யோசனை புதிது அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரெட் பியூக்கி 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் ஜெர்மனி நாட்டின் 2 பயணிக் கப்பல்களில் இது பொருத்தப்பட்டது. 1,750 குதிரைசக்தி கொடுத்த என்ஜின் 2,500 குதிரைசக்தி கொடுத்தது. 1938-ல் சுவிட்சர்லாந்தின் சவ்ரர் கம்பெனி லாரியிலும் இதைப் பொருத்தியது.

கப்பலும் லாரியும்! இரண்டும் பெரிய பாரத்தை நெடுநேரம் இழுப்பவை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

புகையைக் குறைக்க அரசு போட்ட விதிகளும் டர்போவைப் பரப்பின.

2020 ஏப்ரல் 1 முதல் சாலை வாகனங்களுக்கு பி.எஸ். 6 என்ற விதி வந்தது. அதன் பிறகு புதிதாக வரும் லாரி, பஸ், டீசல் கார்களில் பெரும்பாலும் டர்போ இருக்கிறது. அங்கே வாங்குபவர் விருப்பத்துக்கு அதிக இடம் இல்லை.

டிராக்டர் கதை வேறு. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி வந்தது. அவற்றின் விலையும் உயர்ந்தது. அதற்குக் குறைந்த சக்தி உள்ளவற்றுக்கு அந்த விதி அப்போது வரவில்லை. அந்தச் சிறிய ரகங்களில் டர்போ இல்லாதவையே அதிகம். சிலவற்றில் டர்போ உண்டு.

ஏரல் பக்கத்துச் சிறு விவசாயி பெரும்பாலும் பார்ப்பது இந்தச் சிறிய ரகங்களைத்தான். எனவே, எதை எடுப்பது என்று முடிவு செய்யவேண்டியவர் அவரே.

ஏரல் மண்ணுக்கு எது?

தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம் அணை. அதன் வடகாலும் தென்காலும் பாயும் நிலங்களில் நெல்லும் வாழையும் முக்கியப் பயிர்கள். கார், பிசானம் என்று நெல்லுக்கு இரண்டு பருவம்.

நெல் வயலில் கடினமான வேலை தொளி உழவு. இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி, சேற்றில் ரோட்டாவேட்டர் ஓட்டும்போது என்ஜின் முழு மூச்சோடு உழைக்கிறது. டர்போவின் பலன் தெரியும் இடம் அதுதான். தார் ஏற்றிய டிரெய்லரை நெடுந்தூரம் இழுக்கும்போதும் அது கைகொடுக்கும்.

வாழைத் தோட்டத்துக்குள் நிலைமை வேறு. அங்கே மரங்களுக்கு நடுவே புகுந்து வரும் சிறிய வண்டிதான் வேண்டும். மெதுவாக ஓட்ட வேண்டும். பாரம் குறைவு. பாரம் குறைந்தால் புகையின் வேகம் குறையும். புகை குறைந்தால் டர்போவின் சக்கரம் மெதுவாகச் சுற்றும். துருத்தி சும்மா இருக்கும். கொடுத்த காசும் சும்மா இருக்கும்!

மலையில் காற்று அடர்த்தி குறைவு. அங்கே சாதாரண என்ஜின் திணறும். டர்போ என்ஜின் சமாளிக்கும். செங்கோட்டை வழியாக மலை ஏறிக் கேரளாவுக்கு வாழைத்தார் கொண்டுபோகும் லாரிக்கு அது உதவும். ஏரலோ கடலுக்குப் பக்கம். இங்கே காற்றுக்குப் பஞ்சம் இல்லை.

காகிதமும் பென்சிலும் எடுங்கள்

பேச்சு போதும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

டர்போ ரகத்துக்குக் கூடுதல் விலை 60 ஆயிரம் ரூபாய். அதைக் கடனாக வாங்கினால், 10 சதவீத வட்டியில் முதல் வருட வட்டி 6 ஆயிரம். கனமான வேலையில் மணிக்கு 5 லிட்டர் டீசல் செலவு. டர்போவால் அதில் 400 மில்லி மிச்சம். லிட்டர் 95 ரூபாய் என்றால், மணிக்கு 38 ரூபாய் மிச்சம்.

டர்போ என்ஜினுக்கு நல்ல எண்ணெய் வேண்டும். சரியான நேரத்தில் மாற்றவும் வேண்டும். அதற்கு ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் 1,000 ரூபாய் கூடுதல் செலவு என்று வைப்போம்.

முதலாமவர் தம் நிலத்தையும் அக்கம்பக்கத்து நிலத்தையும் உழுகிறவர். வருடத்துக்கு 300 மணி நேரம் ஓட்டுகிறார். டீசல் மிச்சம் 11,400 ரூபாய். வட்டி 6 ஆயிரம் போக, எண்ணெய்ச் செலவு 3 ஆயிரம் போக, கையில் நிற்பது 2,400 ரூபாய். போட்ட 60 ஆயிரம் திரும்ப 25 வருடம் ஆகும்! அதுவரை வண்டி நல்ல நிலையில் இருக்குமா?

இரண்டாமவர் வாடகைக்கு ஓட்டுகிறவர். கார் பருவத்திலும் பிசானத்திலும் வண்டி வயலை விட்டு ஏறுவதே இல்லை. வருடத்துக்கு 1,000 மணி நேரம் கனமான வேலை. டீசல் மிச்சம் 38 ஆயிரம். வட்டி 6 ஆயிரம், எண்ணெய் 10 ஆயிரம் போக மீதி 22 ஆயிரம். ஏறக்குறைய 2 வருடம் 9 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். வேலை சீக்கிரம் முடிவதால் ஒரு நாளில் கூடுதல் ஏக்கர் உழலாம். அது தனி லாபம்.

பொருள் ஒன்றுதான். ஒருவருக்கு அது லாபம். மற்றவருக்கு அது கடன். வித்தியாசம் எதில்? வண்டி ஓடும் மணியில்!

ஐந்து ஏக்கர் நஞ்சை மட்டும் வைத்திருப்பவர் தம் சொந்த வேலைக்கு 100 மணி நேரம் ஓட்டுவதே அபூர்வம். அவருக்கு டர்போ மட்டும் அல்ல, சொந்த டிராக்டரே தேவையா என்று யோசிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை உழவுக் கருவிகளை வாடகைக்கு விடுகிறது. 'உழவன்' செயலி மூலமும் கேட்கலாம். வாங்குவதாக இருந்தால் மானியம் உண்டா என்று முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

அதைவிடப் புதியது

டர்போவிலும் புது ரகம் வந்திருக்கிறது. சாதாரண டர்போ, என்ஜின் வேகம் கூடிய பிறகுதான் நன்றாக ஊதும். புது ரகத்தில் சக்கரத்தைச் சுற்றிலும் சின்னச் சின்ன இறக்கைகள் உண்டு. அவை விரிந்தும் குவிந்தும் புகையின் பாதையை மாற்றும். அதனால் மெதுவாக ஓடும்போதே இழுவை கிடைக்கும். டீசல் கார்களில் இது அதிகம்.

நல்லதுதான். ஆனால் அசையும் பாகம் கூடினால் பழுதுக்கு வழியும் கூடும். கடைவீதியில் நின்று நின்று ஓட்டும் வண்டியில் கரி படிந்து இறக்கைகள் இறுகிவிடக்கூடும். பழுது பார்க்கத் தேர்ந்த ஆளும் கருவியும் வேண்டும். வாங்குமுன் மெக்கானிக் எங்கே இருக்கிறார், சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டிக்கு டர்போ மாட்டலாமா?

கூடாது!

டர்போ இல்லாத என்ஜினின் பிஸ்டனும், ஹெட் கேஸ்கட்டும், தண்ணீர் ஓடும் வழியும் குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. வெளியே வாங்கி மாட்டினால் முதலில் இழுவை கூடும். பிறகு சூடு கூடும். கடைசியில் என்ஜினே போகும்.

சட்டமும் இடம் தராது. பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

வெள்ளம் தந்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பொங்கி ஏரல் கடைவீதியை மூழ்கடித்தது.

அப்படி மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்ததும் ஓட்டிப் பார்ப்பது பெரும் தவறு. எந்த என்ஜினுக்கும் அது ஆபத்து. டர்போ உள்ள என்ஜினுக்கு இரட்டை ஆபத்து. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால், லட்சம் சுற்றுச் சுற்றும் அச்சு சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை அழைத்து, எண்ணெயை வடித்து, சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

டர்போ வைத்திருப்பவர்களுக்கு

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முறுக்கக் கூடாது. ஒரு நிமிடமாவது மெதுவாக ஓடட்டும். எண்ணெய் டர்போவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கனமான வேலை முடிந்ததும் உடனே நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் எண்ணெய் கருகும்.

புழுதி உழவு நாட்களில் ஏர் பில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். சின்ன மணல் போனாலும் காற்றுச் சக்கரம் தேயும்.

நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். புதிதாக விசில் சத்தம் கேட்டால் எங்கோ காற்று கசிகிறது. இரண்டையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

வண்டியை ஓட்டுகிறவர் வேறு ஆளாக இருந்தால் இதை அவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் படித்து என்ன பயன்?

முடிவு என்ன?

டிராக்டரில் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர் கடைக்குப் போகுமுன் அதைப் பார்க்கட்டும். போன வருடம் எத்தனை மணி ஓடியது? அதில் எத்தனை மணி கனமான வேலை? புதிதாக வாங்குகிறவர், உழவுக்கு எத்தனை ஏக்கர் உறுதியாகக் கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வருடத்துக்கு ஏழு நூறு, எட்டு நூறு மணிக்கு மேல் கனமான வேலை இருக்கிறதா? டர்போவுக்குப் பணம் கொடுக்கலாம். முந்நூறு மணியைத் தாண்டவில்லையா? சாதாரண என்ஜின் போதும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் கடன் இல்லாமல் வாங்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வீட்டில் உள்ளவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. தவணை கட்டப் போவது குடும்பம் முழுவதும் அல்லவா?