பள்ளி வாசலில் ஒரு வெள்ளைக்கோடு

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஜனவரியில் பள்ளியில் நடந்த சாலைப் பாதுகாப்பு ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். கறுப்புச் சாலை, வெள்ளைப் பட்டைகள், அதன்மேல் கைகோத்துக் கடக்கும் இரண்டு பிள்ளைகள். "இதை எங்கடி பாத்தே?" என்று கேட்டேன். "புத்தகத்துலம்மா" என்றாள். அவள் பள்ளி வாசலில் அப்படி ஒரு கோடு இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு புதுத் தார் போட்டபோது மறைந்தது. அதன்பின் யாரும் திரும்பப் போடவில்லை.

வருடா வருடம் சாலைப் பாதுகாப்பு விழா என்றால் இதேதான். ஊர்வலம், பதாகை, உறுதிமொழி, மிட்டாய். அன்றைக்கு மட்டும் சாலையில் இரும்புத் தடுப்புகள் நிற்கும். லாரிகள் ஊர்ந்து போகும். சிறப்பு விருந்தினர் கிளம்பியதும் தடுப்புகளும் வேனில் ஏறிவிடும். சாயங்காலம் பள்ளி விடும்போது டிப்பர்கள் பழையபடி பறக்கின்றன.

வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடி வலப்பக்கம் பார் என்று சொல்லித்தருகிறார்கள். பிள்ளை பார்க்கத்தான் செய்கிறாள். வலப்பக்கம் வளைவு, வளைவில் யாருக்கோ வைத்த பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். அதற்குப் பின்னால் வருகிற வண்டி எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அதன் வேகத்தைக் கணிக்கிற பக்குவம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏது? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கார் மோதுவதைவிட 65 கி.மீ. வேகத்தில் மோதினால், நடந்துபோகிறவர் சாகும் அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வேகத்தைக் குறைக்கவேண்டியது வண்டி ஓட்டுகிறவரும் சாலை போட்டவர்களும். உறுதிமொழி எடுப்பதோ பத்து வயதுப் பிள்ளை.

ஊர்மக்களுக்கான கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். வேலைநாள், காலை பதினொரு மணி. வந்தது நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், சில பெரியவர்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டி கொடுத்தால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று விளக்கினார்கள். நல்ல விஷயம்தான். சாவியைக் கொடுக்கிற அப்பாக்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. இந்த அபராதத்தைக் கொண்டுவந்த 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே 198ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. சாலையை வகுத்தபடி அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம். அதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

வேகத்தடை கேட்டு மனு கொடுத்தோம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது. அங்கே போனால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அதையும் நிறைவேற்றிக் கொடுத்தோம். பொறுமை இழந்த இளைஞர்கள் ஓர் இரவு சிமென்டைக் கொட்டி ஒரு மேடு கட்டினார்கள். இரண்டாம் நாளே அதில் ஏறிய பைக்கிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் விழுந்தாள். விதிப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை. அவள் விழுந்த மறுநாளே மேட்டை இடித்தார்கள். முறையான தடை இன்றுவரை வரவில்லை.

2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,884 பேர். நாளுக்கு 49 பேர். 2012 ஜூலையில் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. எங்கள் ஊருக்கும் அப்படியொரு சாவு வேண்டுமா?

அடுத்த ஜனவரிக்குக் கோப்பை, சான்றிதழ், பந்தல் எதுவும் வேண்டாம். அந்தக் காசில் பெயின்ட் வாங்குங்கள். ஃப்ளெக்ஸை எடுங்கள். அளவுப்படி ஒரு வேகத்தடை போடுங்கள். காலையிலும் மாலையிலும் பள்ளி நேரத்தில் அரைமணி, வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.