உயிலைக் கையால் எழுதுங்கள்

"உயிலா? அதுக்கெல்லாம் இன்னும் வயசு இருக்கே!" ஜெர்மனியில் வாழும் நம்மவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் முதல் பதில் இதுதான். வீட்டுக் கடன் வட்டி, வரிக் கணக்கு, பிள்ளைக்கு கிண்டர்கார்டன் இடம் என்று எல்லாவற்றையும் எக்செல் போட்டு அலசுகிறோம். நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால் வீடு யாருக்கு, பிள்ளை யாரிடம் என்ற கேள்வியை மட்டும் அபசகுனம் என்று ஒதுக்கி வைக்கிறோம்.

நாம் எழுதாவிட்டால் சட்டம் முடிவு செய்யும். 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஒருவர் இறக்கும்போது வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டம்தான் பொருந்தும். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் முனிச்சில் குடியிருப்பவருக்கு ஜெர்மன் சட்டம்தான். குடியுரிமை நாட்டின் சட்டம் வேண்டுமென்றால் அதையும் உயிலில் சொல்ல வேண்டும்.

"எல்லாம் மனைவிக்குத்தானே போகும்" என்று பலரும் நினைக்கிறோம். போகாது. ஜெர்மனியின் வழக்கமான திருமணச் சொத்து முறையில் இருக்கும் தம்பதிக்குப் பிள்ளைகள் இருந்தால், துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. பிள்ளை இல்லை, ஊரில் பெற்றோர் இருக்கிறார்கள் என்றால் கால் பங்கு அவர்களுக்கு. திருமணம் எப்போது நடந்தது, அதன்பின் தம்பதி முதலில் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறலாம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால், அவர்கள் பங்குள்ள வீட்டை விற்கக் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். துக்கத்தில் இருக்கும் ஒருவர் தலையில் இதையும் ஏற்ற வேண்டுமா?

தவிர்க்கும் வழி எளிது. ஆனால் நம்மைப் போன்ற ஐடி ஆட்கள் சறுக்கும் இடமும் அதுதான். கணினியில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டால் அந்த உயில் இங்கே செல்லாது. முதல் எழுத்திலிருந்து கடைசி வரை சொந்தக் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இடமும் தேதியும் போடுங்கள். தமிழிலும் எழுதலாம். தம்பதி சேர்ந்து எழுதினால் ஒருவர் எழுத, இருவரும் கையெழுத்திட்டால் போதும். கட்டணம் செலுத்தி ஆம்ட்ஸ்கெரிஷ்ட் நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம். சிக்கலான குடும்பச் சூழல் என்றால் நோட்டாரிடம் போவதே நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் "டிரஸ்ட் போட்டுடு" என்பார். அந்த அறிவுரை இங்கே பொருந்தாது. ஜெர்மன் சட்டத்தில் அப்படியொரு டிரஸ்ட் கிடையாது. பிள்ளை வளரும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள நம்பகமானவர் ஒருவரை உயிலிலேயே நிர்வாகியாக நியமிக்கலாம்.

ஊரில் இருக்கும் நிலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இங்கே உயிலுக்குச் சாட்சி தேவையில்லை. இந்தியாவிலோ 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. இலங்கையில் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். தஞ்சாவூர் வீட்டையோ யாழ்ப்பாணக் காணியையோ உயிலில் சேர்க்கும் முன் அந்தந்த ஊர் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சொத்தைவிடப் பெரியது பிள்ளை. தாய், தந்தை இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டால், பிள்ளையை வளர்க்கப்போவது யார்? சித்தியா, மாமாவா, பக்கத்து வீட்டு நண்பரா? பெற்றோர் உயிலில் ஒருவரைப் பாதுகாவலராகக் குறிப்பிட்டிருந்தால் நீதிமன்றம் தக்க காரணமில்லாமல் அவரைத் தள்ளிவிட முடியாது. குறிப்பிடவில்லை என்றால், நம்மை அறியாத ஒரு நீதிபதி முடிவெடுப்பார். உறவுகள் எல்லாம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நமக்கு, இந்த ஒரு வரிக்காகவே உயில் அவசியம்.

இந்த வாரக் கடைசியில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, துணையோடு உட்கார்ந்து பேசுங்கள். உயில் எழுதுவதால் ஆயுள் குறையாது.