எண்ணூருக்கு இன்னொரு புகைபோக்கி வேண்டாம்

பழைய எண்ணூர் அனல்மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்தை எழுப்பியே தீருவது என்ற முடிவை அரசு இன்னும் கைவிடவில்லை. ஒப்பந்ததாரர்கள் மாறினார்கள், வேலை பாதியில் நின்றது, சுற்றுச்சூழல் அனுமதியே காலாவதியானது. அதற்குப் பிறகும் பிடிவாதம் தளரவில்லை. 2024 டிசம்பர் 20இல் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எண்ணூர் மக்கள் எழுந்து எழுந்து வேண்டாம் என்றார்கள். அவர்கள் கருத்து கேட்கப்பட்டதே தவிர, மதிக்கப்படவில்லை.

1970இல் ஓடத் தொடங்கிய பழைய நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்து நிலம் அது. அதை மக்களின் பொதுவெளியாக்க வேண்டும். தொழிற்சாலை மூடப்பட்ட ஆற்றங்கரையை அப்படி மாற்றுவது எங்கும் நடந்திராத அதிசயமல்ல. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலை இன்று ஊர் மக்கள் உலாவும் பெரிய பூங்கா. அமெரிக்காவின் சியாட்டிலில் பழைய எரிவாயு ஆலை ஏரிக்கரைப் பூங்காவாகி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே சென்னையின் தெற்கில், கழிவும் கட்டட இடிபாடும் நிரம்பிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரைச் சீர்படுத்தி 2011இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. கதீட்ரல் சாலையில் 46 கோடி ரூபாயில் ஜிப்லைனோடு நூற்றாண்டுப் பூங்கா வந்தது. அவை வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அடையாற்றுக்குச் செய்ய முடிந்ததை எண்ணூருக்குச் செய்ய மனம் வரவில்லையே, ஏன்?

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் நிலையும் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. மாநிலத்தின் மின் தேவைக்கு இந்த ஒரு வட்டாரமே எத்தனை முறை தலை கொடுப்பது?

நம் ஆத்திரத்துக்கு முதல் காரணம் சாம்பல். வடசென்னை நிலையத்தில் நிலக்கரியை எரித்து மிஞ்சுவதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, கழிமுகத்தைக் கடந்து செல்லும் குழாய்கள் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. ஓட்டை விழுந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். அடுத்த இடத்தில் பீய்ச்சியது. ஆற்றின் அடிமண் மீது சாம்பல் படிந்து படிந்து இறுகிவிட்டது. படகு மிதந்த இடத்தில் முழங்கால் தண்ணீர்கூட நிற்காமல் போனது. இடுப்பளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சேறே பிழைப்பு. சேறு இருந்தால்தான் இறால் புதையும். சாம்பலுக்குள் கைவிட்டு எதைத் தடவுவது? முறை வைத்துப் பாடு போய்வந்த மீனவர்களுக்கு மடவையும் நண்டும் வெள்ளை இறாலும் தந்த ஆறு இது. செப்பாக்கத்தில் காற்றடித்தால் சாம்பல் வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் விழுகிறது. படிந்த சாம்பலை அகற்றி ஆற்றை மீட்டெடுக்கும்படி பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இலேயே சொல்லிவிட்டது. பழைய சாம்பலையே அள்ளி முடிக்காதவர்கள் புதிய சாம்பலுக்கு இடம் தேடுகிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன?

இந்த ஆற்றின் விஷயத்தில் முடிவெடுக்கும் நாற்காலிகளில் இருந்தவர்களின் வரலாறு நெடியது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னாளில் அவர்கள் எடுத்துக் காட்டிய வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றைத் தாளில் அழித்தார்கள். மின்கோபுரம் நடுவதற்கென்று நீர்வழியில் மண்ணையும் கற்களையும் கொட்டினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, நவீனக் கருவிகள் இருப்பதாகச் சொன்னவர்கள் கடைசியில் மனிதர்களின் கையில் வாளியைக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றுக்குள் எண்ணெய் வந்தபோது? மறுபடியும் அதே வாளி, அதே வெறுங்கை. படகில் போய் அள்ளியவர்கள் அதே மீனவர்கள். அந்த எண்ணெய் வாடை அடங்குமுன், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா வாயு கசிந்தது. மூச்சுத் திணறிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் இருட்டில் ஓடினார்கள். ஆறு ஆண்டுகளில் ஒன்றையும் கற்றுக்கொள்ளாதவர்கள், இம்முறை எல்லாம் பாதுகாப்பாக நடக்கும் என்று உறுதி சொன்னால் நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

வடசென்னை வளர வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். வளர்ச்சி என்றாலே வடக்கே குப்பைமேடு, எண்ணெய்த் தொட்டி, நிலக்கரி என்று ஆக்கி வைத்தவர்களும் அவர்களே. எண்ணூர்க் காட்டுக்குப்பத்துக் குழந்தைக்கும் ஆற்றங்கரையில் நிழலில் உட்கார உரிமை உண்டு. அலையாத்திச் செடிகள் வேர்பிடித்து நிற்கவும், வலை உலர்த்தவும், மாலையில் ஊர் கூடவும் அந்தக் கரையில் இடம் வேண்டும். எப்படிச் செய்வது என்பதை வல்லுநர்களும் மீனவக் கிராமங்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். முதலில் அந்த நிலம் மக்களுடையது என்று அரசு ஒப்புக்கொள்ளட்டும்.

660 மெகாவாட் திட்டத்தை முழுமையாகக் கைவிடுவதாக முதலமைச்சர் அறிவிக்க வேண்டும். இதில் பாதித் தீர்வு எதையும் எண்ணூர் ஏற்காது, ஏற்கவும் கூடாது.