ஆத்தூர் வெறும் டீ குடிக்கிற ஸ்டாப்பிங் இல்லை!



சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகப் போகிறவர்களுக்கு ஆத்தூர் என்றால் ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு டீ. அவ்வளவுதான். ஊருக்குள்ளேயே வசிஷ்ட நதிக்கரையில் ஒரு கோட்டை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கோட்டைன்னா வேலூர், செஞ்சி என்றுதான் நமக்குப் பழக்கம்.

17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது இது. ஹைதர் அலி, திப்பு, கம்பெனிப் படை என்று கை மாறி, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் சேலம் சீமையோடு வெள்ளைக்காரனிடம் போனது. இன்றைக்கு இருப்பது மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று போர்டு வைத்துவிட்டால் பாதுகாத்ததாக ஆகிவிடுமா? முள்செடியை வெட்டுங்கள், வரலாற்றைத் தமிழில் எழுதி வையுங்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். இதுக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது என்கிறது 2010 சட்டத் திருத்தம். சரிதான். ஆனால் அதைக் காட்டி, காலங்காலமாக அங்கே குடியிருக்கும் ஏழையின் வீட்டு ஓட்டை மாற்றக்கூட அலைய விடுவதை நாம் ஏற்க முடியாது. சுற்றுலா வரட்டும், குடிசை போகக் கூடாது.

அடுத்தது ஆறு. பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர், கூகையூர் என்று இந்த ஒரே நதிக்கரையில் ஐந்து பஞ்சபூதத் தலங்கள். ஆத்தூர் காயநிர்மலேஸ்வரர் அதில் நெருப்புத் தலம். ஆறகளூரை ஒட்டிய தியாகனூரில் புத்தர் சிலைகள் இருக்கின்றன. சைவமும் பௌத்தமும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்த மண் இது. மதத்தைச் சொல்லிச் சண்டை மூட்டுகிறவர்களை ஒருதரம் அங்கே கூட்டிட்டுப் போகணும்! இவ்வளவு பெருமையுள்ள ஆற்றில் ஊர்ச் சாக்கடை கலக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு யார் கோயில் பார்ப்பார்கள்?

புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் 2022-இல் வந்தபின் கூட்டம் அலைமோதுகிறது. மலேசியா பத்துமலையில் இருப்பதே 140 அடிதான். அங்கே வரும் வண்டிகளில் பத்தில் ஒன்று கோட்டைப் பக்கம், முட்டல் ஏரிப் பக்கம், தம்மம்பட்டி மரச்சிற்பக் கூடங்கள் பக்கம் திரும்பினாலே நம்ம ஊர்க் கடைக்காரர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் வருமானம்தானே? வழிகாட்டிப் பலகையும் மினி பஸ்ஸும்தான் கேட்கிறோம்.

விளையாட்டு? தை பிறந்தால் கூலமேடு ஜல்லிக்கட்டு. 2017-இல் மெரினாவில் நின்று மீட்ட உரிமை, 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024-இல் தனி அரங்கமே திறந்தாச்சு. கூலமேட்டுக்கு அத்தனை பெரிசு வேண்டாம். உறுதியான கேலரி, மாடுபிடி வீரர்களுக்குக் காப்பீடு, குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை. இது போதும்.

வரும் ஜனவரி 26 கிராம சபையில் தியாகனூர், கூலமேடு பகுதித் தோழர்கள் இதைத் தீர்மானமாகக் கொடுங்கள். ஆத்தூர் நகரத் தோழர்கள் கோட்டை, ஆறு இரண்டையும் படம் எடுத்து, மனுவோடு நகராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். மனு நகலைக் கமெண்டில் போடுங்கள்.

#ஆத்தூர்கோட்டை #வசிஷ்டநதி